கூட்டைத் தோளிலேயே சுமப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருவிழாச் சுற்றுப்பிரகாரத்தில் (பவனியில்) புனிதரின் சுரூபத்தை (சிலையை) வைத்துத் தண்டுகளால் தூக்கும் கூட்டைத் தோளில் சுமக்காமல் லொறியில் ஏற்றிவிடலாம் என்ற பேச்சு கொழும்புக் கத்தோலிக்கப் பங்குகள் சிலவற்றில் எழுகிறது. கூடு சாய்கிறதாம், இளைஞர்களுக்குத் தோள் நோகிறதாம். இரண்டுக்கும் காரணம் சுமக்கும் முறைதான்.

நியூயோர்க்கின் புரூக்ளினில், இத்தாலியின் நோலா நகரிலிருந்து குடியேறியவர்கள் 1903 முதல் ஆயர் புனித பவுலினுஸ் நினைவாக 'ஜீலியோ' கோபுரம் தூக்குகிறார்கள். உயரம் 70 அடிக்கு மேல், எடை ஏறத்தாழ 4 தொன். உச்சியில் புனிதர், அடித்தட்டில் பாண்ட் குழுவும் பாடகரும். அதே நியூயோர்க்கின் ஈஸ்ட் ஹார்லெமில் இதே வகைக் கோபுரம் நம் கொழும்புக் கொச்சிக்கடை ஆலயத்துப் புனித அந்தோனியாருக்கே எடுக்கப்படுகிறது!

புரூக்ளின் கோபுரத்தை 120 பேர் தூக்கினால் ஆளுக்குச் சுமார் 33 கிலோதான். ஆனால் தோள்கள் ஒரே மட்டத்தில் இருந்தால் மட்டுமே அந்தக் கணக்குச் சரிவரும். குட்டையானவரின் தோளுக்கும் தண்டுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் அவர் பங்குப் பாரம் பக்கத்து நெட்டையர் மேல் விழும். நம் கூட்டிலும் நடப்பது இதுதான். நேர்த்திக்கடனுக்காக யாரும் எங்கும் தோள் கொடுக்கிறார்கள். அந்தப் பக்தியைத் தடுக்க வேண்டாம். முன்னரே பெயர் வாங்கி, செருப்பில்லாமல் நிறுத்தித் தோள் உயரம் அளந்து, ஒத்த உயரத்தவரை ஒரே அணியாக்கினால் போதும். இறக்கத்தில் பாரம் முன்னே சாயும். அங்கே உயரமான அணி முன்தண்டுக்குப் போகட்டும்.

புரூக்ளினில் கட்டளை 'கப்போ' எனப்படும் தலைவர் ஒருவருடையது. அவர் சொன்னால்தான் கோபுரம் எழும், இறங்கும். அதுவும் சிறுசிறு தூரமாக. இங்கே நாலு பேர் நாலு பக்கம் சத்தமிடுகிறார்கள். ஒரு மூலை முந்தி எழுகிறது, சுரூபம் ஆடுகிறது. ஒருவர் மட்டும் கூட்டைப் பார்த்தபடி முன்னே நின்று குரல் கொடுக்கட்டும். முழங்கால் மடித்து, முதுகு நிமிர்த்தி எழ வேண்டும். பாண்டின் தாளத்துக்கு ஒரு பாத நீளமே அடி வைக்க வேண்டும். நீண்ட அடி வைத்தால் கூடு ஊஞ்சலாகிவிடும்.

மின்கம்பிதான் எனக்குப் பெரிய கவலை. ஜூன் மாதத் திருவிழா மழையில் நனைந்த மூங்கிலால் கம்பியை உயர்த்துவது உயிராபத்து. முந்திய வாரமே பாதை முழுவதும் பார்த்து, தாழ்ந்த கம்பிகளை மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள். கூட்டின் அலங்கார வளைவின் உயரத்தையும் அதற்கேற்பக் குறையுங்கள். ஆள் மாறும் இடங்களில் கூட்டின் எடை தாங்கும் மரத்தாங்கிகள் முன்கூட்டியே நிற்க வேண்டும், நடக்கும்போதே ஆள் மாறவே கூடாது.

வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13