ஜேசனைக் கூத்துக் களரி ஏற்றுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் இலக்கியப் பக்கக் கட்டுரை ஒன்று, தங்க ஆட்டுத்தோலைத் தேடிப்போன கிரேக்கக் காவிய வீரன் ஜேசனை 'அஞ்சா நெஞ்சன்' என்று அறிமுகப்படுத்தி, கூத்தாக எழுத ஏற்ற கதை என்றும் சொல்லியிருந்தது. கதை ஏற்றதுதான். ஆனால் அந்த அடைமொழியை நம்பி கூத்து ஏடு எழுதினால், பாத்திரம் களரிக்கு வரும் முதல் வரவிலேயே கதை கெட்டுவிடும்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அப்பொலோனியஸ் நான்கு காண்டங்களாகப் பாடிய 'ஆர்கோநாட்டிக்கா'வில் ஜேசன் ஆசைப்பட்டுப் புறப்படவில்லை. ஒற்றைச் செருப்போடு வருபவனால் அழிவு என்று பெலியாஸ் மன்னனுக்கு ஒரு தெய்வவாக்கு. அனவுரஸ் ஆற்றுச் சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஜேசன் வந்து நிற்கிறான். திரும்பி வராமல் தொலையட்டும் என்றுதான் மன்னன் அவனைத் தோலைத் தேடிக் கடலுக்கு அனுப்புகிறான். தலைவனைத் தெரிவுசெய்யச் சொன்னதும் கூடப் போகும் வீரர்கள் எல்லாரும் மாவீரன் ஹெராக்கிளிஸையே கேட்கிறார்கள். அவன் இருந்த இடத்தைவிட்டு எழும்பாமலே மறுத்த பிறகுதான் பொறுப்பு ஜேசனிடம் வருகிறது. அன்று விருந்திலும் ஜேசன் யோசனையில் ஆழ்ந்திருக்க, பயம் பிடித்துவிட்டதா என்று வீரர்களில் ஒருவனான இடாஸ் சீண்டுகிறான்.

இன்னொரு கிரேக்கக் காவிய நாயகனான ஒடிசியஸுக்கு முன்னோடிக் கவிஞர் ஹோமர் சூட்டிய அடைமொழி 'பொலுமேக்கனோஸ்', பல உபாயம் அறிந்தவன். ஜேசனுக்கு இந்தக் கவிஞர் வைக்கும் சொல் 'அமேக்கனோஸ்', உபாயம் இல்லாமல் திகைத்து நிற்பவன். இரண்டுக்கும் வேர் ஒன்றே. தெரிந்தே செய்திருக்கிறார்.

ஆகவே தன் வீரம் பாடி ஆடிவரும் வடமோடிக் கூத்து வரவை ஹெராக்கிளிஸுக்குக் கொடுங்கள். முதலாம் காண்ட முடிவில் அவன் மிசியாக் கரையில் விடுபட்டுப் போகிறான். அதற்குப் பிறகு அந்த ஆட்டம் இல்லாத வெறுமை களரியில் தெரியவேண்டும்.

இன்னொரு பிழை, ஜேசனை உத்தரகுமாரன்போலச் சிரிப்புப் பாத்திரமாக்குவது. உத்தரன் படையைக் கண்டதும் தேரைவிட்டுக் குதித்து ஓடினான். ஜேசன் ஓடவில்லை. நெருப்பு மூச்சும் வெண்கலக் குளம்பும் உள்ள இரண்டு எருதுகளைப் பூட்டி உழுது, நாகப் பற்களை விதைத்து, முளைத்துவரும் போர்வீரரை ஒரே நாளில் வெட்டிச் சாய்க்கவேண்டும் என்று, தோலை வைத்திருக்கும் ஈயெட்டிஸ் மன்னன் சொன்னதும், நிலத்தைப் பார்த்தபடி நெடுநேரம் பேச்சில்லாமல் இருக்கிறான். பிறகு ஒப்புக்கொள்கிறான். இந்த மௌனத்தைத் தரு என்ற கூத்துப் பாட்டைப் போட்டு நிரப்பவேண்டாம். மத்தளம் ஓயட்டும்.

கதையின் உச்சம் அதற்குப் பிறகு வரும் இரவு. அந்த மன்னனின் மகளும் மந்திரம் அறிந்தவளுமான மெடியா சொன்ன முறைப்படி நடுச்சாமத்தில் தனியே ஆற்றில் குளித்து, கருநிற ஆடை உடுத்தி, ஒரு முழ ஆழத்தில் குழி வெட்டி, பெண்ணாட்டுக்குட்டியை அறுத்து எரித்து, ஹெக்காட்டி தெய்வத்துக்குத் தேன் வார்க்கிறான். காலடிச் சத்தம் கேட்டாலும் நாய் குரைத்தாலும் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது கட்டளை. தெய்வம் வருகிறது, புல்வெளி நடுங்குகிறது, நாய்கள் குரைக்கின்றன. பயம் அவனைப் பிடித்துக்கொண்டது என்று கவிஞர் ஒளிக்காமல் சொல்கிறார். கால் மட்டும் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடி மெல்ல நடந்து வெளியேறத் தெரிந்த ஆட்டக்காரரையே இந்தப் பாத்திரத்துக்குத் தெரிவுசெய்யவேண்டும்.

விடிய அவன் பூசிக்கொள்ளும், மெடியா கொடுத்த மருந்தின் பலம் ஒரு நாளைக்குத்தான். எருதுச் சண்டையில் நிற்பது அந்த மருந்து. அதை ஒரு தாளக்கட்டோடு முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை அந்த இரவுக்குக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
கிரேக்கக் காவிய வாசகர் சிலர்,
மட்டக்களப்பு.