ஓக் ஆலி வீட்டைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள கயல்,

அமெரிக்காவின் லூசியானாவில், பழைய கரும்புத் தோட்ட மாளிகையான ஓக் ஆலியில் நீ எடுத்த படங்கள் வந்து சேர்ந்தன. இரண்டு வரிசையாக 28 ஓக் மரங்கள், கோடியில் மாளிகை. உன் தோழிக்கு அங்கே கல்யாணம் நடத்த ஆசை என்று எழுதியிருந்தாய். கட்டடம் எப்படி என்று கேட்டாயே, சொல்கிறேன்.

வேலை பிரமாதம். வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் அகலமான தாழ்வாரம், தாங்கிப் பிடிக்க 28 தூண்கள். பார்வைக்குக் கிரேக்கக் கோயில் மாதிரிப் பகட்டு. ஆனால் அந்த ஊர் வெயிலும் மழையும் சுவரைத் தொடாமல் காப்பது அந்தத் தாழ்வாரம்தான். தூண்களைப் பளிங்கு என்று நினைத்துவிடாதே, செங்கல்லுக்கு மேல் பூச்சு. சுவர் 16 அங்குலக் கனம்.

அந்தச் செங்கல்லை அறுத்தது யார்? 1837 முதல் 1839 வரை அந்த இடத்திலேயே மண் மிதித்து, அறுத்து, சுட்டு, சுமந்தவர்கள் கரும்புத் தோட்ட முதலாளி ஜாக் டெலஸ்போர் ரோமனின் அடிமைகள். சாப்பாட்டு மேசைக்கு மேலே பெரிய பலகை தொங்குகிறதே, அது பங்கா, கயிற்றால் இழுத்து ஆட்டும் விசிறி. துரைகள் சாப்பிட்டு எழும்வரை ஓர் அடிமைப் பிள்ளை கயிற்றை இழுத்தபடி நிற்க வேண்டும். நம் ஊர் வெள்ளைக்காரர் பங்களாக்களிலும் பங்கா இழுக்க ஆள் உண்டு, அவனுக்குச் சொற்பக் கூலியாவது கிடைத்தது.

அங்கே அந்துவான் என்று ஒரு தோட்டக்காரர் இருந்தார், அவரும் அடிமை. 1846-47 குளிர்காலத்தில் பீக்கன் என்ற கொட்டைப் பருப்பு மரத்தில் ஒட்டுக் கட்டி, ஓடு மெலிந்த ரகம் ஒன்றைப் பெருக்கினார். ஒட்டுக் கட்டுவது எவ்வளவு நுணுக்கம் என்று உன் தாத்தாவின் மாந்தோப்பில் பார்த்திருக்கிறாய். 1848-இல் ரோமன் இறந்ததும் எடுத்த சொத்துக் கணக்கில் அந்துவானும் ஓர் உருப்படி, மதிப்பு 1,000 டாலர். அந்த ரகம் 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் பரிசு வாங்கியது. வாங்கிக்கொண்டது அப்போதைய தோட்ட உரிமையாளர்.

வீட்டுக்குப் பின்னால் அடிமைக் குடிசைகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். உன் படங்களில் அது ஒன்றுகூட இல்லை. அடுத்த முறை அங்கே அரை மணி நேரமாவது நின்று பார். அப்புறம், தோழியிடம் பக்குவமாகச் சொல்லிப் பார். கல்யாணத்துக்கு வேறு மண்டபமா கிடைக்காது?

பீக்கன் பருப்பு ஒரு பொட்டலம் கொண்டுவரச் சொன்னாள் அம்மா. உப்புப் போடாததாக வாங்கு.

அன்புடன்,
அப்பா