குத்தகை வேறு, கிரயம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கடலடித் தந்திக் கம்பிகள் பற்றிய கட்டுரை படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் சீனாவின் வடகிழக்குக் கடலோரத்து போர்ட் ஆர்தர் துறைமுகப் பகுதியை ‘சீனா விட்டுக்கொடுத்த நிலம்’ என்றும், அங்கிருந்து போன கம்பிகளைப் பற்றிக் கேட்க சீனாவுக்கு ஒன்றுமில்லை என்றும் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர்.

குத்தகை கிரயம் ஆகாது என்பது ஏர் பிடித்தவனுக்கும் தெரியும். தங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? 1898-ல் ரஷ்யா அந்த இடத்தை எடுத்தது 25 ஆண்டுக் குத்தகைக்கு. சீனப் பேரரசரின் இறையாண்மைக்குப் பாதகம் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தது. 1905-ல் ரஷ்யாவைப் போரில் ஜெயித்த ஜப்பான் குத்தகையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. போருக்காக மஞ்சூரியா என்கிற வடகிழக்குச் சீனா நெடுக இழுத்த தந்திக் கம்பிகளையும் கழற்றவில்லை. குத்தகை நிலம் ஒரு மூலையில், கம்பி ஓடியதோ ஊரெல்லாம். 1908 அக்டோபரில் ஒருவழியாக உடன்படிக்கை வந்தது. ரயில்பாதை எல்லைக்கு வெளியே உள்ள கம்பிகளை ஜப்பான் ஒப்படைக்கும், சீனா 50,000 யென் கொடுக்க வேண்டும். தன் மண்ணில் தன்னைக் கேட்காமல் நட்ட கம்பத்துக்குத் தானே விலை! குத்தகை நிலத்திலிருந்து சீஃபூ என்ற சீனத் துறைமுகத்துக்குப் போன கடலடிக் கம்பியில் சீனாவின் பங்கு கரையோரத்து ஏழரை மைல். ஏழரை என்றால் என்ன என்று நம் ஊரில் சொல்லவே வேண்டாம்.

1870-லேயே கம்பியைக் கடலில் போடலாம், முனையைக் கரையேற்றக் கூடாது என்றுதான் சீனா சொன்னது. டேனிஷ் கம்பெனி ஷாங்காயில் கரையேற்றியேவிட்டது.

எனக்கு ஏன் இவ்வளவு சூடு? வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடத்தை செல்போன் டவருக்குக் குத்தகைக்கு விட்டவன் நான். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், குத்தகையில் சேராத முருங்கை மரத்தடியில் பள்ளம் தோண்டிக் கறுப்புக் குழாயைப் புதைத்திருந்தார்கள். வேர் அறுந்து மரம் கிணற்றுமேட்டில் சாய்ந்து கிடந்தது. “அதான் இடத்தைக் கொடுத்துட்டீங்களே சார்” என்றார் சூப்பர்வைசர் தம்பி. குழாயை எடுக்க வேண்டுமானால் செலவு என்னுடையது என்று கடிதம் வேறு. வாடகைப் பாக்கியைக் கேட்டதும் தம்பி கம்பி நீட்டிவிட்டார். உங்கள் கட்டுரையாளரும் அவரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்களோ என்னவோ.

2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடியபோதும் தாங்கள் ஒதுக்கியது கால் பக்கம். அதிலும் மோர்ஸ் கருவி என்று தட்டச்சுப்பொறியின் படம். முப்பது வருடம் அந்தக் கருவியின் முன் உட்கார்ந்தவன் எழுதிய கடிதம் அச்சேறவில்லை. சரி, ராசிபலனுக்கே இரண்டு பக்கம் வேண்டியிருக்கிறது, இடத்துக்கு எங்கே போவீர்கள்?

அடுத்த இதழில் ‘விட்டுக்கொடுத்த’ என்பதை ‘குத்தகைக்கு விட்ட’ என்று திருத்துங்கள். அப்புறம், வரைபடத்தில் சீஃபூவைக் கொரியாவில் குறித்திருக்கிறீர்கள். அது இன்றைய யான்டாய், ஷான்டோங் மாகாணத்தில் இருக்கிறது. இரண்டு வரி போதும். ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்,
விருதுநகர் மாவட்டம்.