வீட்டில் நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கு உள்ளூர் அளவில் உதவிச் சேவைகள் கோரும் மனு

அனுப்புநர்
நீண்டகால நோயாளிகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரை ஊதியமின்றி வீட்டில் பராமரித்துவரும் குடும்பத்தினர்

பெறுநர்
மாவட்டச் சமூக நல அலுவலர் அவர்கள்

பொருள்: குடும்பப் பராமரிப்பாளர்களைப் பதிவு செய்தல், மாற்று ஆள் ஏற்பாடு, பயிற்சி, உபகரண உதவி வழங்குதல் – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம்.

ஏழு ஆண்டுகளாக என் தந்தையை வீட்டில் வைத்துப் பார்த்துவருகிறேன். பக்கவாதத்தில் அவருடைய வலது கையும் காலும் செயலிழந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து மறதி நோயும் சேர்ந்துகொண்டது. இந்த மனுவில் கையொப்பமிட்டுள்ள மற்றவர்களும் என்னைப் போன்றவர்களே. முதுகுத்தண்டில் அடிபட்ட கணவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவி, மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மகனைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோர், மனச்சிதைவு நோயுள்ள தங்கையோடு இருக்கும் அண்ணன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நிலைமை. நாங்கள் சம்பளம் கேட்டு இதை எழுதவில்லை. இந்த வேலையை விட்டுவிடவும் கேட்கவில்லை. விழுந்துவிடாமல் இந்த வேலையைத் தொடர்ந்து செய்ய எங்களுக்கு என்ன தேவையோ அதைத்தான் கேட்கிறோம்.

என் தந்தையின் கட்டில் கால்மாட்டில் ஒரு நோட்டு தொங்குகிறது. அதில் நேரமும் பக்கத்தில் ஓர் எழுத்தும் மட்டும்தான் இருக்கும். 10 – இ, 12 – வ, 2 – இ, 4 – வ. இடது, வலது. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு, வால் எலும்பு, குதிகால் போன்ற இடங்களில் அழுத்தம் தாங்காமல் ரத்த ஓட்டம் குறைந்து, தோல் சிவந்து, பிறகு பிய்ந்து புண்ணாகும். அந்தப் புண் எலும்புவரை போகும். அதனால் இரவிலும் இரண்டு மணிக்கு ஒருமுறை போனில் அலாரம் வைத்திருக்கிறேன். அந்த நோட்டில் ஓர் இரவு மட்டும் 10 – இ என்பதற்கு அடுத்த வரி காலை 5 – வ என்று இருக்கிறது. அன்று எனக்குக் கடுமையான காய்ச்சல். அலாரத்தை எப்போது அணைத்தேன் என்றே தெரியவில்லை. அன்று தொடங்கிய புண் ஆற மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் மருந்து வைத்துக் கட்டுப் போட்டதும் நான்தான். அந்தப் பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன். ஒரு நிமிடம் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் முதல் குறை, எந்தப் பதிவேட்டிலும் நாங்கள் இல்லை என்பது. மருத்துவமனையில் நோயாளியின் பெயர், வயது, எடை, சர்க்கரை அளவு எல்லாம் எழுதிக்கொள்வார்கள். 'உடனிருப்பவர்' என்ற கட்டத்தில் ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்குவார்கள், அதுவும் பணம் கட்டச் சொல்லிக் கூப்பிடுவதற்காக. அந்த உடனிருப்பவருக்கு முதுகுவலி உண்டா, அவரும் மாத்திரை சாப்பிடுகிறவரா, வீட்டில் அவருக்கு மாற்றிவிட ஆள் இருக்கிறதா என்று இந்த ஏழு ஆண்டில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

டிஸ்சார்ஜ் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூக்குக் குழாய் வழியாக எப்படி உணவு செலுத்துவது என்று ஒரு செவிலியர் ஒருமுறை செய்து காட்டினார். மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு அன்று இன்னும் எத்தனையோ நோயாளிகள் காத்திருந்தார்கள். ஆனால் தலையை உயர்த்தி வைக்காமல் செலுத்தினால் உணவு நுரையீரலுக்குப் போய்விடலாம் என்பது எனக்கு அன்று தெரியாது. பத்தாம் நாள் மூச்சுத் திணறலோடு அவரை மறுபடி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நிமோனியா. இன்னும் ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் அவர் அந்தப் பன்னிரண்டு நாட்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழித்திருக்க வேண்டியதில்லை.

எனக்கும் ஓர் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லி இரண்டு ஆண்டு ஆகிறது. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, பிறகு ஆறு வாரம் எடை தூக்கக் கூடாதாம். மூன்று நாளும் கிடைக்கவில்லை, ஆறு வாரமும் கிடைக்கவில்லை. இது என் ஒருத்தியின் கதை அல்ல. கையொப்பமிட்டுள்ளவர்களில் பலர் சொந்த வைத்தியத்தை இப்படித் தள்ளிப்போட்டவர்கள்தான்.

இது எவ்வளவு ஆபத்தானது என்பது மருத்துவ உலகத்துக்கு எப்போதோ தெரியும். நோயுற்ற துணையைப் பராமரித்துவந்த முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1999-இல் வெளியானது. பராமரிப்பின் சுமையால் நலிந்திருந்தவர்கள், அந்தப் பொறுப்பு இல்லாத அதே வயதினரைவிட அந்தக் காலத்தில் இறக்கும் அபாயம் 63 சதவீதம் கூடுதல் என்று அது கண்டது. மறதி நோயாளியைப் பராமரிக்கும் குடும்பத்தினர் சராசரியாக நாளொன்றுக்கு 5 மணி நேரம் அதற்கே செலவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நோயால் உலகுக்கு ஏற்படும் செலவில் ஏறத்தாழ பாதி, சம்பளமில்லாத குடும்பத்தினரின் உழைப்பாகவே கணக்கிடப்படுகிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஒவ்வொரு நாளும் ஊதியமற்ற பராமரிப்பு வேலைக்காகச் செலவாகும் நேரம் 1,640 கோடி மணி. குழந்தை வளர்ப்பும் வீட்டு வேலையும் அதில் அடக்கம். அதில் முக்கால் பங்குக்கும் மேல் பெண்களுடையது. எனவே இந்த மனு மிகப் பெரும்பாலும் பெண்களின் மனு என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

"பெற்றவர்களைப் பிள்ளைகள் பார்க்காமல் அரசாங்கமா பார்க்கும்?" என்று எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். நாங்கள்தான் பார்க்கிறோம், இனியும் பார்ப்போம். என் தந்தை என்னை அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி நாள் எனக்கு நினைவிருக்கிறது, அதன் பிறகும் ஒரு நாள்கூட அவரை விட்டுவிடலாம் என்று தோன்றியதில்லை. ஆனால் அவர் எடை 70 கிலோ. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவரை மாற்ற இரண்டு பேர் வேண்டும், வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

ஆகவே எங்கள் கோரிக்கைகளில் தலையாயது மாற்று ஆள். பயிற்சி பெற்ற ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும். நான்கு மணி நேரம் என்பது கேட்பதற்குச் சிறிதாக இருக்கலாம். அந்த நேரத்தில் ஒருவர் மருத்துவரைப் பார்க்கலாம், வங்கிக்குப் போகலாம், ஒரு துக்க வீட்டுக்குப் போய்வரலாம், ஒன்றுமே செய்யாமல் தூங்கலாம். வருகிறவர் அடிக்கடி மாறாமல் ஒரே ஆளாக இருப்பது முக்கியம். மறதி நோயாளிகள் புதிய முகத்தைக் கண்டால் மிரண்டுவிடுவார்கள், பிறகு மாற்று ஆள் வந்தும் நாங்கள் வாசலைத் தாண்ட முடியாது. இதோடு, பராமரிப்பவருக்கே அறுவை சிகிச்சை, பிரசவம், விபத்து என்று வரும்போது நோயாளியைச் சில வாரங்கள் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்கெனவே உள்ள அரசு இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் சில படுக்கைகளையாவது ஒதுக்க வேண்டும். பகல்நேர மையம் ஒன்று இருந்தால், நடமாடக்கூடிய நோயாளிகளின் வீட்டார் வேலைக்குப் போய்வர வழி பிறக்கும்.

வேறெங்கும் இல்லாத ஒன்றை நாங்கள் கேட்கவில்லை. ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில் பகல்நேர மையமும் குறுகிய காலத் தங்கலும் வழக்கமான சேவைகள். ஜெர்மனியில் 1995 முதல் நடைமுறையில் இருக்கும் பராமரிப்புக் காப்பீடு, வாரத்துக்குப் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் வீட்டில் பராமரிப்பவர்களுக்கு, உரிய நிபந்தனைகளின்படி, அவர்களுடைய ஓய்வூதியக் கணக்கிலும் பணம் செலுத்துகிறது. இங்கிலாந்தின் 2014-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பவரின் தேவைகளைத் தனியாக மதிப்பிடும் கடமையை உள்ளாட்சிகளுக்கு விதித்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் நிறைவேறியது. வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய குடும்பத்துக்கும் பயிற்சி, ஆலோசனை, நிதி உதவி, தற்காலிக மாற்றுப் பராமரிப்பு ஆகியவை உட்பட அரசின் உதவி கிடைக்க வேண்டும் என்று அதன் 28-ஆவது பிரிவு சொல்கிறது. உலக நாடுகளில் மிகப் பெரும்பாலானவை அதை ஏற்றுக்கொண்டவை.

அடுத்து, பதிவு. மருத்துவமனைப் படிவத்திலும் உங்கள் துறையின் விண்ணப்பங்களிலும் 'முதன்மைப் பராமரிப்பாளர்' என்று ஒரு பகுதி சேர்க்க வேண்டும். அந்தப் பெயர்களைக் கொண்டு ஒரு பதிவேடு தொடங்கி, ஆண்டுக்கு ஒருமுறையாவது களப்பணியாளர் எங்கள் உடல்நிலையையும் மனநிலையையும் விசாரிக்க வேண்டும். பராமரிப்பின் சுமையை அளப்பதற்கென்றே 22 கேள்விகள் கொண்ட ஸாரிட் வினாத்தாள் உலகம் முழுவதும் பயன்பாட்டில் உள்ளது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். யார் விழும் நிலையில் இருக்கிறார் என்பது அதில் தெரிந்துவிடும், மாற்று ஆளை முதலில் யாருக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கவும் அதுவே போதும்.

பயிற்சி பற்றி மேலே சொல்லிவிட்டேன். புரட்டிப் படுக்க வைப்பது, தூக்குவது, குழாய்களைக் கையாள்வது, புண்ணுக்கு மருந்திடுவது ஆகியவற்றை நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன் பராமரிப்பவரே இரண்டு முறையாவது செய்து பழக வேண்டும், செவிலியர் பக்கத்தில் நின்று திருத்த வேண்டும். மறதி நோயாளிகளின் குடும்பத்துக்காக உலக சுகாதார நிறுவனம் 'ஐசப்போர்ட்' என்ற பயிற்சியைத் தயாரித்து வைத்திருக்கிறது. அதை எங்கள் மொழியில் நேர்முக வகுப்பாக நடத்தலாம்.

உபகரணங்கள் விஷயத்தில் செலவே அதிகம் ஆகாது என்று நினைக்கிறோம். காற்றுப் படுக்கை, சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி, நடைச்சட்டம், ஆக்சிஜன் கருவி எல்லாம் நோயாளி இறந்த பிறகு வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்கவும் மனம் வராது, தூக்கிப் போடவும் மனம் வராது. இரண்டு தெரு தள்ளி இன்னொரு குடும்பம் அதே பொருளுக்குக் கடன் வாங்கிக்கொண்டிருக்கும். பெற்று, சுத்தம் செய்து, பழுது பார்த்து, தேவைப்படுவோருக்கு இரவல் கொடுக்க உள்ளாட்சிக் கட்டடத்தில் ஓர் அறையும் ஒரு பொறுப்பாளரும் போதும்.

இன்னும் ஒன்று. சான்றிதழ் புதுப்பிப்பதற்காகத் தந்தையை நேரில் அழைத்துவந்தே ஆக வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். நாற்காலியோடு தூக்கி, மாடிப்படி ஏற்றி, அவர் பயத்தில் கத்த, சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்க்க, கைரேகை வைத்துவிட்டு வந்தோம். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து சரிபார்க்கும் முறையை அனைத்து அலுவலகங்களும் பின்பற்ற உத்தரவிட வேண்டும். இப்படி எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள, மனிதர் எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண்ணும் வேண்டும்.

பள்ளிக்கூடம் போகும் வயதில் தாயையோ தாத்தாவையோ பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விடுப்பு அதிகம் எடுக்கும் மாணவர்களிடம் காரணம் கேட்கும்படி கல்வித் துறைக்கு நீங்கள் எழுத வேண்டும். அவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பது எங்களுக்குப் புரிகிறது. ஒரே ஒரு பகுதியில், ஆறு மாதத்துக்கு, பதிவேட்டையும் வாரம் நான்கு மணி நேர மாற்று ஆளையும் மட்டும் தொடங்கிப் பாருங்கள். எத்தனை பேர் மறுபடி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வந்தது, எத்தனை பராமரிப்பாளர்கள் தள்ளிப்போட்ட சிகிச்சையை எடுத்துக்கொண்டார்கள் என்று கணக்கெடுங்கள். அந்தக் கணக்கை எடுக்கவும் எழுதவும் நாங்கள் துணை நிற்கிறோம். எங்களுக்கு நோட்டு எழுதிப் பழக்கம் உண்டு.

இந்த மனுவை நேரில் கொடுக்க வரும் எங்களைத் தவிர மற்றவர்கள் வராததற்குக் காரணம், வீட்டில் மாற்றிவிட ஆள் இல்லாததுதான். அவர்களில் மூவரையாவது நேரில் கேட்டறிய வேண்டுகிறோம். கூட்டம் பிற்பகல் 2 மணிக்கு மேல் 4 மணிக்குள் இருக்குமாறும், இரண்டு நாள் முன்னதாகத் தகவல் தெரிவிக்குமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். அந்த நேரத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டாரைக் கெஞ்சிக் கேட்டு உட்கார வைத்துவிட்டு வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடும்பப் பராமரிப்பாளர்கள்

இணைப்பு:
கையொப்பங்கள் அடங்கிய தாள்கள்
படுக்கை மாற்று நோட்டின் ஒரு பக்கம் – நகல்