கில்ட்டுக்குக் கீழே: எடின்பரோவில் இருக்கும் மகனுக்கு

இன்வர்னஸ்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய புகைப்படத்தை நானும் அப்பாவும் பலமுறை எடுத்துப் பார்த்தோம். பழைய துணிக்கடையில் வாங்கியது என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு அந்த பிளாக் வாட்ச் கட்டம் போட்ட கில்ட், ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை, உன் இடுப்பில் அழகாக அமர்ந்திருக்கிறது. பின்புற மடிப்புகள் கலையாமல் விழுகின்றன. கீழ்விளிம்பும் முழங்காலின் நடுவில் சரியாக நிற்கிறது. அதைத் திருமணங்களுக்கென்று பெட்டியில் பூட்டி வைக்காமல் சனிக்கிழமைகளில் நண்பர்களோடு வெளியே போகும்போதும் உடுத்தப் போவதாக நீ எழுதியிருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் கண்ணா, அதற்குக் கீழே நீ போட்டிருந்த கணுக்கால் உயர வெள்ளைக் காலுறையும் ஓட்டப் பயிற்சிக்கான ஷூவும் அந்த உடையோடு சேரவில்லை.

வேட்டியைப் பார்த்து வளர்ந்த என் கண்ணுக்கே இது புரிய வெகு காலம் ஆயிற்று. வேட்டி கணுக்கால் வரை இறங்கிவிடுவதால் காலில் என்ன செருப்பு இருக்கிறது என்று யாரும் கவனிப்பதில்லை. கில்ட்டோ முழங்காலோடு நின்றுவிடுகிறது. அதன் கீழே காலின் முழு நீளமும் பார்வைக்கு வருகிறது. மேலும், முறையாகத் தைத்த ஒரு கில்ட்டில் 8 கஜம், அதாவது ஏறக்குறைய 7.3 மீட்டர் கம்பளித் துணி மடிப்பு மடிப்பாக அடங்கியிருக்கிறது. இடுப்பில் அவ்வளவு கனமான துணி இருக்கும்போது கீழே மெல்லிய காலுறையும் லேசான ஷூவும் இருந்தால், உருவம் மேலே பருத்துக் கீழே சிறுத்துத் தெரியும். உன் படத்தில் நான் கண்ட குறை இதுதான். வெள்ளை நிறம் அதைக் கூட்டிக் காட்டியது, அவ்வளவே.

எனவே முதலில் காலுறையைத் தடித்த கம்பளியில் தேர்ந்தெடு. முழங்கால் வரை இழுத்து, மேல்விளிம்பை வெளிப்புறமாக மடித்துவிட வேண்டும். மடிப்பின் மேல்நுனி முழங்கால் சில்லுக்கு மூன்று விரற்கடை கீழே நிற்க வேண்டும். அதற்கு மேலே ஏறினால் பள்ளிச் சிறுவன்போல் இருக்கும். இந்தக் காலுறையை நான் மேலிருந்து கீழாகத்தான் பின்னுகிறேன். மடிக்கும் பகுதியை முதலில் முடித்து, அதன் வேலைப்பாடு மடித்த பிறகு வெளியே தெரியும்படி பின்னலை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பிக்கொண்டு, பிறகு கெண்டைக்காலுக்கு ஏற்பப் பின்பக்கத்தில் கண்ணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே இறங்க வேண்டும். கடையில் கிடைக்கும் மலிவான காலுறைகள் பல, குழாய்போல் மேலும் கீழும் ஒரே அகலத்தில் இருப்பதால்தான் சரிந்து விழுகின்றன.

நிறத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. வெள்ளையும் பாலாடை நிறமும் வேண்டாம். நீ பள்ளியில் படித்தபோது அப்பா ஒரு நண்பரின் திருமணத்துக்காக வாடகைக் கடை ஒன்றில் முழு உடையும் எடுத்திருந்தது உனக்கு நினைவிருக்கலாம். அந்தக் கடையில் பாலாடை நிறத்தில் மெல்லிய காலுறையைத்தான் எல்லோருக்கும் கொடுத்தார்கள். மாலைக்குள் அது புல்லின் பச்சையும் சேற்றின் பழுப்புமாக மாறி, கணுக்காலில் சுருண்டு கிடந்தது. உன் கில்ட்டில் கருநீலமும் கரும்பச்சையும் கறுப்பும் இருப்பதால், சாம்பல் கலந்த மங்கிய பச்சையை, இங்கே லோவாட் என்று சொல்வார்களே, அதை எடுத்துக்கொள். கருநீலமும் பொருந்தும். கட்டம் போட்ட காலுறைகளுக்குத் தனி வரலாறு இருக்கிறது. பின்னல் பரவுவதற்கு முன் டார்ட்டன் எனப்படும், கில்ட்டுக்கான கட்டம் போட்ட துணியையே மூலைவாட்டில் வெட்டிக் காலுறை தைத்தார்கள், அதனால்தான் கட்டங்கள் சாய்சதுரமாக விழுந்தன. அது அழகுதான் என்றாலும், டார்ட்டனுக்குக் கீழே இன்னொரு கட்டம் சாதாரண நாளுக்கு அதிகம்.

காலுறையைத் தாங்கும் எலாஸ்டிக் பட்டையை மடிப்புக்குள் கட்டாயம் போட்டுக்கொள். இரவில் கழற்றும்போது தோலில் ஆழமான தடம் இருந்தால் அதைத் தளர்த்து. பட்டையிலிருந்து தொங்கும் வண்ண நாடாக்களும், காலுறையில் செருகும் ஸ்கியன் டூ கத்தியும் சனிக்கிழமைக்கு வேண்டாம். தேசிய உடையின் பகுதியாக அந்தக் கத்தியைச் சட்டம் அனுமதித்தாலும், நண்பர்களோடு பப்புக்குப் போகிற பிள்ளை காலில் கத்தி வைத்திருப்பதை நான் விரும்பவில்லை.

அடுத்தது காலணி. கில்லி புரோக் எனப்படும், நாக்கு இல்லாமல் நீண்ட கயிறுகளைக் கணுக்காலில் சுற்றிக் கட்டும் ஷூவை வாங்கிவிடாதே. ஈர நிலத்தில் நடப்பவர்களின் காலணி சீக்கிரம் காய்வதற்காக அப்படி அமைத்ததாகச் சொல்வார்கள்; ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் புரோக் என்றாலே காலணிதான். ஆனால் இன்று அது விழா உடையோடு சேர்ந்துவிட்டது. ஸ்வெட்டரோடு போட்டால் பாதி உடையை வீட்டில் மறந்துவிட்டு வந்ததுபோல் இருக்கும். உன்னிடம் ஏற்கெனவே இருக்கும் அந்தப் பழுப்புத் தோல் பூட்ஸே போதும். உங்கள் ஊர் ராயல் மைல் தெருவில் மழை பெய்தால் கல் பாவிய தரை எப்படி வழுக்கும் என்பது உனக்கே தெரியும். அதன் தடித்த ரப்பர் அடிப்பகுதி அங்கே உதவும், கில்ட்டின் கனத்துக்கும் ஈடுகொடுக்கும்.

பூட்ஸோடு காலுறையைக் கீழே தள்ளிவிட்டு, பூட்ஸின் விளிம்பில் சுருக்கங்களாக நிற்கவிடலாம். ஸ்காட்லாந்து கால்பந்து அணியைத் தொடர்ந்து செல்லும் டார்ட்டன் ஆர்மி ரசிகர்கள் பலர் அப்படித்தான் போடுகிறார்கள். அதில் எந்தக் குறையும் இல்லை. கம்பளி தடிப்பாக இருந்தால்தான் அந்தச் சுருக்கம் அழகாக நிற்கும் என்பதை மட்டும் மறக்காதே. மலைப்பக்கம் போகும்போது மட்டும் காலுறை மேலேயே இருக்கட்டும். பிரேக்கன் என்னும் பெரணிப் புதர்களில் உண்ணி இருக்கும், அதன் கடியால் லைம் நோய் வரலாம். திரும்பி வந்ததும் முழங்காலையும் அதன் பின்மடிப்பையும் தடவிப் பார்த்துவிடு.

இந்தக் கடிதத்தோடு லோவாட் நிறத்தில் ஒரு ஜோடி காலுறை அனுப்புகிறேன். வாஷிங் மெஷினில் போட்டுவிடாதே, சுருங்கிப்போகும். குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்துக் காயவை. உன் காலளவை நினைவிலிருந்துதான் எடுத்தேன். மாடிப்படி ஏறி ஏறி இப்போது கெண்டைக்கால் பருத்திருக்கலாம் என்று அப்பா சொல்கிறார். அதன் மிக அகலமான இடத்தில் சுற்றளவை அளந்து எழுது. அடுத்த ஜோடிக்குக் கருநீல நூல் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா