எங்கள் முதியவர்களுக்கும் ஒரு தடுப்பூசி அட்டை வேண்டும்: வன்னியின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வைத்திய அதிகாரிகளுக்கு,

போன மாரியில் அம்மாவுக்கு அக்கி வந்தது. முதுகிலிருந்து நெஞ்சுவரை ஒரு பக்கமாகக் கொப்புளங்கள். புண் மூன்று கிழமையில் ஆறியது, எரிவு ஆறவில்லை. பங்குனி தாண்டியும் சேலை பட்டாலே துடித்தார். காட்டிய இடத்தில் "வயது போனால் இப்படித்தான்" என்று பனடோல் தந்து அனுப்பினார்கள். அம்மாவுக்கு 72 வயது. 2009 இல் அத்தனையையும் தாண்டி வந்தவர்.

அந்தச் சொல்லுக்காகத்தான் இந்த மடல்.

சிறுவயதில் அம்மாவுக்குக் கொப்புளிப்பான் வந்தது. அந்த வைரஸ் உடம்பைவிட்டுப் போவதில்லை, நரம்பு வேர்களில் ஒளிந்திருக்கும். அது எழும்பாமல் காவல் இருப்பவை ரி கலங்கள் என்ற வெள்ளை இரத்தக் கலங்கள். அவை முதிர்வது நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில். பருவ வயதிலிருந்தே அது சுருங்கிக் கொழுப்பாக மாறத் தொடங்கிவிடும். எழுபதில் புதிய கலங்கள் மிகக் குறைவு. பழையவை திரும்பத் திரும்பப் பிரிந்து களைத்திருக்கும். அதனால்தான் அக்கி வருகிறது, பழைய காசம் கிளம்புகிறது, தடுப்பூசிகூடச் சரியாகப் பிடிப்பதில்லை.

ஆனால் களைத்த கலங்களையும் எழுப்பலாம். 2017 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அக்கித் தடுப்பூசியில், வைரஸின் ஒரு புரதத்தோடு நிர்ப்பீடனத்தை, அதாவது நோயெதிர்ப்பைத் தட்டியெழுப்பும் துணைப்பொருளும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு ஊசி. எழுபது தாண்டியவர்களிலும் அது அக்கி வரும் வாய்ப்பை ஏறக்குறைய 90 சதவீதம் குறைத்தது. உடல் உழைப்பும் உதவக்கூடும். இங்கிலாந்தில் பல ஆண்டுகளாகச் சைக்கிள் ஓடிவந்த, 55 முதல் 79 வயதுவரையான 125 பேரை ஆராய்ந்து 2018 இல் வெளியிட்டார்கள். தைமஸிலிருந்து புதிதாக வந்த ரி கலங்கள் அவர்களிடம் இளையவர்களுக்கு நிகராக இருந்தன. வயலுக்கும் சந்தைக்கும் சைக்கிளில் போய்வந்த எங்கள் ஐயாமாரை இப்போது நாங்கள்தான் "விழுந்துவிடுவீர்கள்" என்று திண்ணையில் இருத்திவிட்டோம். முதியவர்களின் நிர்ப்பீடனத்தை மேம்படுத்துமா என்று பார்க்கும் ராபமைசின் வகை மருந்துகள் இன்னும் ஆய்வில் இருக்கின்றன; அவற்றை நான் கேட்கவில்லை.

கேட்பது இதுதான். பிரஷர், சீனி கிளினிக்குக்கு மாதாமாதம் வருகிறவர்களுக்கு ஒரு தடுப்பூசி அட்டை திறவுங்கள். மாரிக்கு முன் இன்புளுவென்சா ஊசி போடுங்கள். அக்கி ஊசி விலை கூடியது, தெரியும்; வசதியில்லாதவர்களுக்காக மாகாணத்திடம் நீங்கள் கேட்டால் எடுபடும். அப்புறம், கொப்புளம் கண்டால் 72 மணித்தியாலத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்க வேண்டும் என்பதை ஊர் ஊராகச் சொல்லுங்கள். அம்மாவை நான் கூட்டிப்போனது ஐந்தாம் நாள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு மகள்