மாட்டு ஊசியும் பழுதான பாக்டீரியாவும்

அன்புள்ள மாணிக்கம்,

நலம்தானே? சுங்கை சிப்புட்டில் நாங்கள் எல்லோரும் சுகம். நாம் பால் வெட்டப் போன காட்டில் இப்போது ஒரு ரப்பர் மரம்கூட இல்லை, எல்லாம் செம்பனை. தம்பியின் மாடுகள்தான் குடற்புழுவால் மெலிந்து கிடந்தன. டோராமெக்டின் ஊசி போட்ட பிறகு தேவலை.

உன் மகள் ஃபெர்மென்டேஷன், அதாவது நுண்ணுயிர்களைக் கரைசலில் வளர்த்துப் பொருள் எடுக்கும் ஆய்வில் சேர்ந்திருக்கிறாள், பாக்டீரியாவைப் பழுதாக்கிப் புது மருந்து எடுப்பார்களாம், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த மாட்டு ஊசியே அப்படி வந்ததுதான்!

புண்ணுக்குப் பூசும் களிம்பில் நியோமைசின் என்ற பெயரைப் பார்த்திருப்பாய். மண்ணில் வாழும் ஸ்டிரெப்டோமைசிஸ் பாக்டீரியா செய்வது அது. அதன் மூலக்கூறின் நடுவே டிஆக்சிஸ்டிரெப்டமின் என்றொரு துண்டு உண்டு. 1969-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரைன்ஹார்ட் குழுவினர், மரபணு பழுதாகி அந்தத் துண்டை மட்டும் செய்யத் தெரியாத ஒரு திரிபு வகையை எடுத்துக்கொண்டார்கள். சும்மா வளர்த்தால் அதிலிருந்து மருந்தே வராது. வளர்ப்புக் கரைசலில் அந்தத் துண்டைப் போட்டால் பழையபடி நியோமைசின் வரும். அவர்கள் போட்டதோ சற்றே மாறுபட்ட ஸ்டிரெப்டமின். தேங்காய் கிடைக்காத சமையல்காரர் முந்திரியை அரைத்துக் குருமாவை முடிப்பதுபோல, பாக்டீரியா அதை வைத்தே மீதி வேலையைச் செய்து ஹைப்ரிமைசின் என்ற புதுப்பொருளைக் கொடுத்தது.

நல்ல பாக்டீரியாவுக்கே மாற்றுத் துண்டைப் போட்டால் ஆகாதா என்று கேட்பாய். சில இடங்களில் ஆகும். பெனிசிலின் பூஞ்சைக்கு ஃபீனாக்சி அசிட்டிக் அமிலம் கொடுத்தால், வயிற்று அமிலத்தைத் தாங்கும் பெனிசிலின் வி கிடைக்கிறது. ஆனால் பழுதாகாத பாக்டீரியா பெரும்பாலும் தன் சொந்தத் துண்டையும் விடாமல் செய்துகொண்டிருக்கும். பழையதும் புதியதும் கலந்து வந்தால் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

டோராமெக்டினும் இதே வழிதான். ஜப்பானிய விஞ்ஞானி ஓமுரா அந்நாட்டு மண்ணில் கண்டெடுத்த பாக்டீரியா, அவெர்மெக்டின் என்ற புழுக்கொல்லியைச் செய்யும். அதற்கு வேண்டிய துண்டுகளான கிளை அமிலங்களைச் செய்ய முடியாத திரிபு வகைக்கு ஃபைசர் மருந்து நிறுவன ஆய்வாளர்கள் சைக்ளோஹெக்சேன் கார்பாக்சிலிக் அமிலத்தைக் கொடுத்தார்கள். வந்தது டோராமெக்டின்; நியோமைசின்போலக் கிருமியைக் கொல்வதல்ல, புழுவைக் கொல்வது. அதனால் என்ன, வித்தை ஒன்றுதான்.

ஆனால் ஒன்று. ஹைப்ரிமைசின் மருந்துக் கடைக்கு வரவே இல்லை. புது மூலக்கூறு கிடைத்துவிட்டது என்றதும் புது மருந்தே வந்துவிட்டதாகக் குதிப்பது எனக்குப் பிடிக்காது. நியோமைசின் குடும்பம் காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது. புதியது அதைவிடச் சாதுவா, ஊட்டும் துண்டு கட்டுப்படியாகும் விலையில் கிடைக்குமா, விளைச்சல் எவ்வளவு என்பதெல்லாம் பார்க்க வேண்டும்.

சரி, தீபாவளிக்கு வரும்போது மகளையும் அழைத்து வா. என்னென்ன துண்டுகளை ஊட்டிப் பார்க்கிறாள், அவளுடைய பாக்டீரியா எதை ஏற்கிறது, எதைத் தள்ளுகிறது என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
ராமையா